கோவில் வாசலில் துவக்கு, காணியில் முட்கம்பி

பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை நமது பங்கில் ஒரு கூட்டம் நடந்தது. உயிர்த்த ஞாயிறு திருப்பலியின்போது கோவில் வாசலில் யார் காவல் நிற்பது என்பதே பேச வேண்டிய விடயம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தன. கொழும்பு ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் அன்று 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆண்டிலிருந்து பெரிய திருநாட்கள் வரும்போதெல்லாம் பொலிசாரோ படையினரோ துவக்கோடு நமது வாசல்களில் நிற்பது வழக்கமாகிவிட்டது.

கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு இளைஞர் தமது கைபேசியை நீட்டினார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய வீடியோ. இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்க ஒரு போதகர் பேசுகிறார். சுதந்திரமுள்ள கிறிஸ்தவன் துவக்கு வைத்திருக்கவேண்டும், கோவிலுக்கும் கொண்டுவரவேண்டும், துவக்கு சொத்தைக் காக்கும், சொத்து சுதந்திரத்தைக் காக்கும், இதை மறுப்பவன் கம்யூனிஸ்ட் என்பது அவரது போதனையின் சாரம். சிலர் சிரித்தார்கள். ஆனால் பின்வாங்கிலில் இருந்த ஒரு பெரியவர் சிரிக்கவில்லை. 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர், முகாமிலும் வாடகை வீட்டிலுமாக வாழ்நாளில் பாதியைக் கழித்தவர்.

"அவன் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்குத்தானே, சுவாமி? அண்டைக்கு எங்கட கையில ஒரு துவக்கு இருந்திருந்தால் செம்பாட்டுக் காணியை விட்டிட்டு வந்திருப்பமோ?"

அன்று நாம் அவருக்குத் தகுந்த பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று செபத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். அந்தக் கேள்வி வீடுவரை நம்மோடு வந்தது. அவரைப் போன்ற பலர் இந்த ஏட்டைப் படிக்கிறீர்கள் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அமெரிக்காவைப் பற்றிச் சில வார்த்தை. அந்த நாட்டுக் கிறிஸ்தவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்களும் பிணம் தூக்கியவர்கள். 2015 ஆனியில் சார்ள்ஸ்ரன் நகரில் விவிலிய வகுப்புக்கு வந்திருந்த 9 கறுப்பினக் கிறிஸ்தவர்களை, அவர்களோடு கூட இருந்து கேட்ட ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். 2017 கார்த்திகையில் ரெக்சாஸ் மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிறிங்ஸ் என்ற சிறு ஊரில் ஞாயிறு வழிபாட்டில் 26 பேர் மாண்டனர். 2019 மார்கழி 29ஆம் திகதி அதே மாநிலத்தில் வைற் செற்றில்மென்ற் என்ற இடத்தில் ஒருவன் வழிபாட்டின் நடுவே இருவரைச் சுட்டான். சபையின் காவல் தொண்டர் ஒருவர் சில விநாடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அந்தத் தொண்டரின் துவக்கு அன்று பல உயிர்களைக் காத்தது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நமது வாதம் நேர்மையானதாக இராது. உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது தாக்குபவனைப் பலத்தால் தடுக்கலாம் என்று திருச்சபையும் கற்பித்தே வந்திருக்கிறது.

ஆயினும் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் சிலர் வேறுவிதமாகத் தீர்மானித்தார்கள். ஜோர்ஜியா மாநிலம் 2014இல் துவக்குச் சட்டத்தைத் தளர்த்தியபோது, அத்லாந்தா பேராயராக இருந்த வில்ற்றன் கிறகரி தமது கோவில்களுக்குள் துவக்கு வரக்கூடாதென்றார். 2016இல் டலஸ் ஆயராக இருந்த கெவின் பரெலும் அவ்வாறே செய்தார். சட்டம் தரும் உரிமையை ஆயர் பறிக்கிறார் என்று அவர்களைத் தூற்றியவர்களில் பூசைக்கு வருகிறவர்களும் இருந்தார்கள். தனிமனித உரிமை பெரிதா, சேர்ந்து செபிக்கும் சமூகத்தின் அமைதி பெரிதா என்பதே அங்கு வழக்கு. துவக்கைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று தெரிவு செய்யும் வசதியாவது அவர்களுக்கு உண்டு.

நமக்கு அந்த வசதி ஒருநாளும் இருந்ததில்லை. நம்மைக் கேட்காமலே துவக்கு நமது கோவில்களுக்குள் வந்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் அது முதலில் நமது சமயத்தோடு சேர்ந்தே வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் சிலுவையையும் துவக்கையும் ஒரே கப்பலில் ஏற்றி வந்தார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தவர்களும் அவர்களே. பின்னர் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கரின் பூசையைத் தடைசெய்தபோது, துவக்கின் மறுமுனை எப்படியிருக்கும் என்று நமது முன்னோர் அறிந்துகொண்டார்கள். வேடம் மாறி வந்து இரவில் பூசை வைத்த யோசவ்வாஸ் முனிவரின் வரலாற்றைத் திருநாள் மறையுரைகளில் சொல்கிறோம். அதற்கு முந்திய அத்தியாயத்தைச் சொல்வது குறைவு.

நவாலியைப் பற்றி நீங்கள் நம்மிடம் கேட்டறியத் தேவையில்லை. 1995 ஆடி 9ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வந்த வேளையில், கோவில்களில் தஞ்சம் புகுங்கள் என்ற அறிவிப்பை நம்பி சென் பீற்றர்ஸ் ஆலயத்திலும் பக்கத்து முருகன் கோவிலிலும் கூடிய சனத்தின்மேல் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நாம் பள்ளிச் சிறுவர். அந்த வருடம் ஐப்பசி முடிவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நாமும் இருந்தோம். 2005ஆம் ஆண்டு மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுப் பூசையில், நற்கருணை வாங்கித் திரும்பிய பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். மனைவிக்கும் காயம். கோவில் நிறைந்த சனத்தின் முன்னால் நடந்த அக்கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவை பிறர் செய்தவை என்பதால் இவற்றைச் சொல்வதில் நமக்குச் சிரமமில்லை. அடுத்ததைச் சொல்வதே சிரமம். 2009இல் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சமிருந்த இளைஞர்களையும் யுவதிகளையும் விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் பிடித்துச் சென்றார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னரும் நமது கோவில் வளவுகளில் 'எங்கட பொடியளின்' துவக்குகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தபோது, நம்மில் எத்தனை குருமார் அவற்றை வெளியே கொண்டு போங்கள் என்று சொன்னோம்? சிலர் சொன்னார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். பலர் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். அன்று கையில் துவக்கு இருந்திருந்தால்?

ஐயா, 1990இல் குடாநாட்டில் துவக்குக்குப் பஞ்சமிருக்கவில்லை. பலாலியில் ஒரு பக்கம், அதைச் சுற்றி மறுபக்கம். துவக்கு அவ்வளவு மலிந்திருந்த ஊரில்தான் உங்கள் கிணறு தூர்ந்தது, பனை தறிபட்டது, வீட்டுச் சுவர் காவலரணுக்குக் கல்லாகப் போனது. உங்கள் உறுதியை ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஓரிரு மணித்தியால அவகாசத்தில், நகையும் காசும் வாங்கி வைக்கப்பட்டு, வெறுங்கையோடு துரத்தப்பட்டார்கள். அவர்களிடமும் உறுதி இருந்தது. அவர்களைத் துரத்திய துவக்கு நம்மைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட துவக்கு. நாம் அன்று வாய் திறக்கவில்லை. இன்று நமது காணியைப் பற்றி நாம் பேசும்போது அந்த மௌனம் நமது தொண்டையில் நிற்கவேண்டும் என்றே நினைக்கிறோம்.

உங்கள் ஒருவர் கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால், உங்களைச் சுடுவதற்கு ஒரு காரணம் கூடியிருக்கும். எல்லைக் கிராமங்களில் பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குத் துவக்குக் கொடுத்து ஊர்காவற் படை அமைத்தார்கள். பக்கத்துக் கிராமத்தவர் பக்கத்துக் கிராமத்தவரைச் சுட்டதுதான் அதன் வரலாறு. வைற் செற்றில்மென்ற் தொண்டர் சுட்டபின் துவக்கைக் கீழே வைத்தார், பொலிஸ் வந்தது, சட்டம் பேசியது. சட்டம் பேசாத நாட்டில் துவக்குக் கையில் உள்ளவனே சட்டமாகிறான். அந்நாட்டில் வளர்ந்த போதனையை அப்படியே பிடுங்கி வந்து இங்கே நட முடியாது.

சுவிசேஷத்தில் வாள் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. கடைசி இராவுணவின்போது சீடர்கள் இரண்டு வாள் இருப்பதாகச் சொல்கிறார்கள். போதும் என்று சொல்லி ஆண்டவர் பேச்சை முடிக்கிறார். இதற்கு வியாக்கியானம் பலவிதம். குருமடத்தில் நாம் படித்த காலத்தில் இதன்மேல் ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடியது நினைவிருக்கிறது. ஆனால் அன்றிரவே கெத்செமனித் தோட்டத்தில் ஒரு வாள் உருவப்பட்டபோது, அறுபட்ட காதை ஆண்டவர் சுகமாக்கினார். வெட்டியவன் தம்முடைய ஆள், வெட்டுப்பட்டவன் பிடிக்க வந்தவர்களோடு வந்த வேலையாள். வாதத்துக்கு அப்பால் நிற்பது அந்தச் செயல்.

ஆகவே கோவிலுக்குள் துவக்கு வேண்டாம். எவருடைய துவக்கும் வேண்டாம். வாசலில் படைத்துவக்கும் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். 2019இல் தென்பகுதிச் சகோதரர்கள் பட்ட காயத்துக்குப்பின் காவல் கேட்டது நியாயமே. குழந்தைகளோடு பூசைக்கு வரும் தாயின் பயத்தை நாம் அசட்டை செய்யமாட்டோம். ஆனால் அதே தாய், தன் காணிக்குள் போக முடியாதபடி முட்கம்பிக்கு அப்பால் நிற்கும் அதே சீருடையைக் கோவில் வாசலில் கடந்து வந்து, சமாதானம் உங்களோடிருப்பதாக என்று நாம் சொல்வதைக் கேட்கவேண்டியிருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட கோவில்களுக்குத் திருநாளன்று மட்டும் அடையாள அட்டையைக் கொடுத்துப் போய்வந்த காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

சுதந்திரம், சொத்து என்ற மற்ற இரண்டு வார்த்தைகளையும் அந்தப் போதகரிடம் விட்டுவிட நமக்கு மனமில்லை. அவை நல்ல வார்த்தைகள். அவற்றைத் துவக்கோடு சேர்த்துக் கட்டியதே பிழை.

சொத்துரிமையை நாம் பழிக்க முடியுமா? 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப்போவதாக மரங்களிலும் வேலிகளிலும் அறிவித்தல் ஒட்டியபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கையிலிருந்த ஆயுதம் பழுப்பேறிய உறுதி. பாயில் சுற்றி, பொலித்தீனில் பொதிந்து, முகாமுக்கு முகாம் காவிய உறுதி. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பவன் தன் உழைப்பால் ஒரு துண்டு நிலத்தைத் தனதாக்கும் உரிமையை அரசு பறிக்கலாகாது என்று வாதாடினார். அது பணக்காரனுக்குச் சாதகமான வாதம் என்று இளவயதில் நாம் நினைத்ததுண்டு. முகாம்களில் வேலை செய்தபின் அந்த எண்ணம் மாறியது. (2025இல் தெரிவான பாப்பரசர் அமெரிக்காவில் பிறந்தவர். அவர் அதே சிங்கராயரின் பெயரைத் தெரிந்தெடுத்தார். வீடியோ அனுப்பிய உறவினருக்கு இதையும் சொல்லலாம்.)

விவிலியத்தில் நாபோத்தின் கதை உண்டு. அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசன் ஆகாபு அதை மரக்கறித் தோட்டமாக்க விரும்பினான். நல்ல விலை தருகிறேன், வேண்டுமானால் வேறு தோட்டம் தருகிறேன் என்றான். முதலாளித்துவக் கணக்கில் அது நியாயமான பேரம். நாபோத்து மறுத்தான். முதுசொம் விற்பனைக்கல்ல என்றான். அதன்பின் பொய்ச் சாட்சி, கல்லெறி, சுவீகாரம். வலிகாமம் வடக்கில் வாழைக்கும் வெங்காயத்துக்கும் பேர்போன செம்மண்ணில் படையினர் பயிர் செய்து மரக்கறி விற்றார்கள், காங்கேசன்துறைக் கடற்கரையில் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்தினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. காணிக்கு வாடகையில்லை, உழைக்கும் படையினருக்குச் சம்பளம் அரசினது. அந்த மரக்கறியோடு, குத்தகைக் காணியில் மண்ணெண்ணெய் ஊற்றி இறைக்கும் இடம்பெயர்ந்த கமக்காரன் சுன்னாகம் சந்தையில் விலைப்போட்டி போடவேண்டும். இதைச் சுதந்திரச் சந்தை என்பதா?

அந்தச் சொல்லை நாம் 1977இல் முதலில் கேட்டோம். அதற்கு முந்திய அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் யாழ்ப்பாணக் கமக்காரன் கொஞ்சம் நிமிர்ந்தான். கல்வீடு கட்டினான், இறைக்கும் மெசின் வாங்கினான். திறந்த பொருளாதாரம் வந்ததும் கப்பலில் மிளகாய் வந்தது. விலை விழுந்தது. சந்தையைத் திறந்த அதே அரசு 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொருளுக்குக் கதவு திறந்தது, மனிதனுக்கு மூடியது. 1990களில் இன்னும் விசித்திரம்: நாட்டின் மற்றப் பகுதியில் சந்தை திறந்திருக்க, குடாநாட்டுக்கு உரமும் எரிபொருளும் வராதபடி தடை. மூலதனம் சுதந்திரமாக நடமாடினால் மனிதரும் தானாகச் சுதந்திரம் அடைவார்கள் என்று சொல்பவர்களுக்கு நமது குடாநாட்டின் கதை ஒன்றே போதும்.

1991இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கம்யூனிச ஆட்சிகள் விழுந்த சூட்டோடு, அப்படியானால் முதலாளித்துவம்தான் வழியா என்று தாமே கேட்டு இரண்டாகப் பிரித்து மறுமொழி சொன்னார். தொழில் முயற்சியும் சந்தையும் பொறுப்புள்ள சொத்துரிமையும் என்றால் ஆம். சட்டத்துக்கும் மனித சுதந்திரத்தின் முழுமைக்கும் கட்டுப்படாத பொருளாதாரம் என்றால் இல்லை. இதை நமது கிராமத்துக்குப் பெயர்த்தால் கொஞ்சம் கசக்கும். கசப்பான பகுதியை இனிச் சொல்லவேண்டும்.

2015ஆம் ஆண்டிலிருந்து வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டுதுண்டாக விடுவிக்கப்பட்டு வந்தன. 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. இன்னும் ஆயிரக்கணக்கான ஏக்கர் திரும்பவில்லை. அவற்றுக்காகக் குரல் கொடுப்பதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் திரும்பிய காணிகளைச் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள். பற்றை. இப்பில் மரம். சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ. வேலி மட்டும் புதிது. பரப்புக்கு என்ன விலை போகிறது என்று தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

மல்லாகத்துக் கோணப்புலம் போன்ற முகாம்களில் கடைசிவரை இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் உறுதி இல்லாதவர்கள். பிறர் தோட்டத்தில் கூலிக்குப் புகையிலை நட்டவர்கள், வாரத்துக்குச் செய்தவர்கள், சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக ஒரு பரப்புக்கூட வாங்க விடப்படாதவர்கள். காணி விடுவிப்பு என்று நாம் கோஷம் போட்டபோது அவர்களும் நம்மோடு வெயிலில் நின்றார்கள். விடுவித்தபின் உறுதி உள்ளவர் போனார். அவர்கள் எங்கே போவார்கள்? இராணுவத்தின் முட்கம்பி அகன்ற இடத்தில் நமது முட்கம்பி. உள்ளே பற்றை, வெளியே வேலைக்கு ஏங்கும் கை.

என் காணி, என் இஷ்டம் என்று அதன் சொந்தக்காரர் சொல்வாரானால், அந்த இடுப்புத்துப்பாக்கிப் போதகருக்கும் அவருக்கும் துவக்கு ஒன்றே வித்தியாசம். திருச்சபை 13ஆம் சிங்கராயரோடு நிற்கவில்லை. 1967இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர், பிறர் அவசியமானதற்கே தவிக்கும்போது தனியுடைமை நிபந்தனையற்ற உரிமையல்ல என்று எழுதினார். 2020இல் பாப்பரசர் பிரான்சிசும் அதையே வலியுறுத்தினார். இவை வெளியிலிருந்து வந்த போதனை என்று தள்ளத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த நமது தேசவழமையிலேயே, காணியை விற்கும்போது பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் கேட்கவேண்டும் என்ற முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. காணி வெறும் கடைச் சாமானல்ல என்று யாழ்ப்பாணத்தான் எப்போதோ ஒப்புக்கொண்ட விடயம். அந்தப் பங்காளி வட்டத்துக்கு வெளியே கூலிக்காரன் நின்றான் என்பதே அதன் குறை.

சொந்தக்காரர்களின் பயம் நமக்குத் தெரியும். ஆளை விட்டால் எழும்பமாட்டான், பத்து வருடம் இருந்தால் ஆட்சி உரிமை கேட்பான் என்பார்கள். பயத்தில் உண்மை உண்டு. எதிராகப் பத்தாண்டு அனுபவித்தால் உரிமை உண்டாகும் என்று நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு, எழுத்தில், குத்தகைக்கு இருப்பவர் எதிராக அனுபவிப்பவரல்லர். குத்தகையை நொத்தாரிசு முன் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். ஐந்து வருடம் எழுதலாம், முடிந்ததும் புதுப்பிக்கலாம். பற்றை வெட்டிய கூலியை முதல் வருடக் குத்தகையில் கழிக்கலாம். கிணறு இறைத்துத் துப்புரவாக்கினால் காணிக்கே இலாபம்.

மற்றவருக்குச் சொல்லும்போது நமது பக்கத்தையும் சொல்லவேண்டும். கோவில்களுக்கும் காணி உண்டு. சிலவற்றில் தென்னை நிற்கிறது, சிலவற்றில் ஒன்றுமில்லை. ஒரு பங்கில், கோவில் காணியைக் குத்தகைக்குக் கேட்ட குடும்பத்துக்கு, அவர்களை அங்கே விட்டால் மற்றவர்கள் முறைப்படுவார்கள் என்று பதில் போனது. அந்தப் பதிலைச் சொல்ல அனுப்பப்பட்டவர் நாமே. அன்று மறுத்திருக்கவேண்டும். மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்துத் தகப்பன் 'சரி சுவாமி' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

உயிர்த்த ஞாயிறுக்கு வருவோம். இரண்டாம் முறை கூடியபோது, வாசலில் நமது ஆட்களே நிற்பதென்று முடிவாயிற்று. பெண்கள் பைகளைப் பார்த்தார்கள், இளைஞர்கள் வாகனங்களைத் தூரத்தில் நிறுத்தினார்கள். படையினருக்கு நன்றி சொல்லி, வீதிச் சந்தியோடு நில்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லோருக்கும் திருப்தியில்லை. ஒரு குடும்பம் பயத்தில் பூசைக்கு வரவில்லை. அவர்களைப் பின்னர் வீட்டில் போய்ச் சந்தித்தோம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த திருநாளுக்கு மறுபடியும் பேசவேண்டும்.

பெரியவர் அன்று முன்வாங்கிலில் இருந்தார். பூசை முடிந்து போகும்போது, தன் பக்கத்துக் காணி டென்மார்க்கில் இருக்கும் மச்சானுடையது, எட்டுப் பரப்பு, பற்றையாகக் கிடக்கிறது, மச்சானுக்குக் கடிதம் எழுத விலாசம் தரட்டுமா என்று கேட்டார். விலாசம் இப்போது நம்மிடம் இருக்கிறது. கோவில் காணியின் வரைபடமும் மேசையில் இருக்கிறது. குத்தகைக்குக் காணி வேண்டியவர்களும், கொடுக்க விரும்புகிறவர்களும் எந்தச் சனிக்கிழமையும் காலையில் பங்குமனைக்கு வாருங்கள்.